அதேல், எம்மா, ஒரு தட்டு ஸ்பகெட்டி: சப்டைட்டில் போடப்போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பிரான்சின் லீல் நகரில் இருக்கும் தமிழ் இளைஞர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும், அதேல், எம்மா என்ற இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் அந்தப் பிரெஞ்சுப் படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு போட்டுக் காட்டப்போவதாக எழுதியிருந்தாய். கட்டில் காட்சிகளைத் தமிழில் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் உன் முதல் கேள்வி. அங்கே உனக்கு வேலையே இல்லை. அந்தக் காட்சிகளில் பேச்சு கிடையாது. உன் வேலையெல்லாம் சாப்பாட்டு மேசையில், வகுப்பறையில், பூங்கா பெஞ்சில் இருக்கிறது. அங்கே கோட்டை விட்டால் மூன்று மணி நேரப் படம் வெறும் ஒரு காதல், ஒரு பிரிவு என்று சுருங்கிவிடும். அந்தப் பெண்கள் ஏன் பிரிந்தார்கள் என்பதே ஜனங்களுக்குப் புரியாது.

தலைப்பிலிருந்து தொடங்கு. ஆங்கிலத்தில் "புளூ இஸ் தி வார்மெஸ்ட் கலர்" என்று நீலத்தை வைத்து ஒரு பெயர் இருக்கிறது. ஜூல் மரோ வரைந்து 2010இல் வெளிவந்த சித்திர நாவலின் பெயரும் நீலம்தான். ஆனால் இயக்குநர் அப்தெல்லத்தீஃப் கெஷிஷ் பிரெஞ்சில் வைத்தது "அதேலின் வாழ்க்கை: அத்தியாயம் 1, 2". நீ அதையே போடு. காரணம் படத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகள் வாசிப்பது 18ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் மரிவோவின் "மரியானின் வாழ்க்கை". அந்த நாவல் முடிக்கப்படாமலே நின்றுபோனது. இந்தப் படமும் "முற்றும்" என்று சொல்லாமல் இரண்டு அத்தியாயத்தோடு நிற்கிறது. மரியான், அதேல் என்று இரண்டு வாழ்க்கைகளும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது காதில் விழவேண்டும் என்றால் தலைப்பில் "வாழ்க்கை" இருக்கவேண்டும். "நீலம்" என்று வைத்தால் போஸ்டர் அழகாக இருக்கும், அந்தத் தொடர்பு அறுந்துபோகும். மரோவின் சித்திர நாவலில் நாயகியின் பெயர் கிளெமாந்தீன், கடைசியில் இறந்துபோகிறாள். படத்தில் அவளுக்கு நடிகையின் சொந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். அவள் சாகவும் இல்லை. வந்திருப்பவர்களில் நாவலைப் படித்தவர் யாராவது இருந்தால் இதைக் கேட்பார்கள்.

அடுத்தது பெயர்கள். பிரெஞ்சின் "ட" பல்லில் நாக்குப் படும் ஒலி, ஆகையால் "அடேல்" வேண்டாம். "அதேல்" என்று எழுதினால் தமிழ் வாய் தானாகவே சரியாகச் சொல்லும். அவளோடு கொஞ்ச நாள் பழகும் பையன் தொமா, தாமஸ் இல்லை. சிக்கல் எம்மாவிடம். தமிழில் "எம்மா!" என்று தனியாக ஒரு வரி வந்தால் பாதிப் பேர் அதை "யம்மா" என்று வாசிப்பார்கள். அழுகைக் காட்சியில் அப்படி நடந்தால் அரங்கம் சிரித்துவிடும். பிரெஞ்சு உச்சரிப்பில் ஒரே ஒரு "ம"தானே என்று "எமா" ஆக்கினால் எமனைக் கூப்பிடுவது போல் ஆகிறது. அதனால் "எம்மா" என்றே வை. ஆனால் அந்தப் பெயரைத் தனி வரியாகவும் விடாதே, பக்கத்தில் ஆச்சரியக்குறியும் போடாதே. கூப்பிடும் இடங்களில் "எம்மா, நில்லு", "எம்மா, கேளு" என்று ஒரு வினையைச் சேர்த்துவிடு. பின்னால் பேச்சு எதுவும் இல்லாமல் பெயரை மட்டும் கூப்பிட்டால் சப்டைட்டிலே போடாதே. அது காதிலேயே கேட்கிறது.

இனி இயந்திர வேலை. எந்தப் பிரதியை வைத்து வேலை செய்கிறாய் என்பதை முதலில் பார். படம் 179 நிமிடம். அது நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்) ஓடும் பிரதியின் கணக்கு. ஐரோப்பாவில் விற்ற டிவிடிகள் நொடிக்கு 25 சட்டம் ஓடும், அதில் இதே படம் ஏறத்தாழ 172 நிமிடத்தில் முடிந்துவிடும். டிவிடியை வைத்து நேரம் குறித்துவிட்டு, காட்டும் நாளில் புளூரே வட்டைப் போட்டால், முதல் காட்சியில் எல்லாம் சரியாக இருக்கும், பத்தாவது நிமிடத்தில் 25 நொடி தள்ளிப்போகும், கடைசியில் ஏழு நிமிட வித்தியாசம் வந்து நிற்கும். முன்னே பின்னே நகர்த்திப் பார்த்துச் சரிசெய்ய முடியாத பிழை இது, ஏனென்றால் வித்தியாசம் போகப்போகக் கூடிக்கொண்டே இருக்கும். "சப்டைட்டில் எடிட்" மென்பொருளில் சட்ட வேகத்தை 25இலிருந்து 24க்கு மாற்றும் வசதி இருக்கிறது, அதைத்தான் செய்யவேண்டும். மாற்றியபிறகு நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று இரண்டு வசனங்களைக் கேட்டுப் பார். முதல் வசனத்தை மட்டும் சோதித்தால் ஏமாந்துபோவாய்.

எழுத்துக் கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. நொடிக்கு இத்தனை எழுத்துக்கு மேல் போனால் மென்பொருள் வரியைச் சிவப்பாக்கிக் காட்டும். அந்தக் கணக்கு ஆங்கிலத்துக்குச் செய்தது. தமிழில் புள்ளி, கால், கொம்பு எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும். "பார்த்தேன்" என்பது நமக்கு ஐந்து எழுத்து, அதற்குப் பத்து. அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயந்து நல்ல வசனத்தை வெட்டாதே. அதற்காகச் சிவப்பை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம்: தமிழ்ச் சொல் நீளமானது, கண் அதற்கு நேரம் எடுக்கும். நான் வைத்துக்கொள்ளும் அளவு இது: திரைக்கு இரண்டு வரி, வரிக்கு நாலைந்து சொல், ஒரு நொடிக்குக் குறையாமல், ஏழு நொடிக்கு மேற்படாமல். அடுத்தடுத்த இரண்டு சப்டைட்டிலுக்கு இடையே இரண்டு சட்டமாவது இடைவெளி விடு. இல்லாவிட்டால் எழுத்து மாறியதே கண்ணுக்குத் தெரியாது. எழுதி முடித்ததும் சத்தமாக வாசித்துப் பார். நடிகை வாயை மூடுவதற்குள் நீ முடித்துவிட்டால் வரி சரி.

கோப்பை யூ.டி.எஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் சேமி. இல்லாவிட்டால் திரை முழுக்கக் கேள்விக்குறிதான். அரங்கத்தில் இருக்கும் பழைய பிளேயருக்குத் தமிழ் எழுத்துருவே இருக்காது, இருந்தாலும் கொம்பைத் தள்ளி வைத்துப் புள்ளி வட்டத்தோடு காட்டும். அதனால் கடைசி வடிவத்தில் எழுத்தைப் படத்தோடு சேர்த்துப் பதித்துவிடு. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு போதும். வெள்ளை எழுத்து, மெல்லிய கறுப்பு ஓரம். மஞ்சள் வேண்டாம். இந்தப் படத்தில் முடி, சுவர், சட்டை, கடல் என்று சட்டத்துக்குச் சட்டம் நீலம் இருக்கும். அதன் மேல் மஞ்சள் ஓடினால் எழுத்துதான் தெரியும், படம் தெரியாது.

எழுத்து எங்கே நிற்பது என்பது இந்தப் படத்தில் சாதாரணக் கேள்வி இல்லை. ஒளிப்பதிவாளர் சோஃபியான் எல் ஃபானி அகலத்திரையில் முகத்தையே நெருங்கி நெருங்கி எடுத்திருக்கிறார். பாதிப் படம் அதேலின் கன்னமும் வாயும்தான். வழக்கமான இடத்தில் எழுத்தை வைத்தால் அவள் மெல்லும் வாயின் மேலேயே வந்து உட்காரும். 1920க்கு 1080 அளவுத் திரையில் படம் ஏறத்தாழ 817 புள்ளி உயரம்தான் பிடிக்கும். மேலும் கீழும் 130 புள்ளி கறுப்புப் பட்டை மிஞ்சும். கீழ்ப்பட்டைக்குள் இரண்டு வரியை அடக்கிவிடலாம், "மு", "ழு" மாதிரி கீழே இறங்கும் எழுத்துகளுக்கும் இடம் பார்த்துக்கொண்டால். ஆனால் அரங்கத்தில் அகலத்திரையே இருந்தால், படத்தை நிரப்புவதற்காகக் கறுப்புப் பட்டைகளை வெளியே தள்ளிவிடுவார்கள், உன் எழுத்தும் அதோடு போய்விடும். திரை எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு அப்புறம் பதி.

இப்போது தமிழுக்கு வருகிறேன்.

வகுப்பறைக் காட்சிகளில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. ஆங்கில சப்டைட்டிலில் மரிவோவின் வாக்கியமும் பிள்ளைகளின் அரட்டையும் ஒரே மாதிரி தெரியும். நமக்கு எழுத்துத் தமிழ் ஒன்று, பேச்சுத் தமிழ் ஒன்று. புத்தகத்தை வாசிக்கும்போது முழு எழுத்து நடை: "அவரைக் கண்ட கணத்தில்..." என்கிற மாதிரி. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கியதும் "புரியலயே சார்". மாறும் அந்த இடத்தைக் கண்ணே கண்டுபிடித்துவிடும். பழைய நடை வேண்டும் என்பதற்காகச் சங்கத் தமிழுக்குப் போய்விடாதே. பிள்ளைகள் தடுமாறித் தடுமாறித்தான் வாசிக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. பிறகு வரும் பிரான்சிஸ் போஞ்சின் தண்ணீர் பற்றிய கவிதைக்கும் இதே முறைதான். தண்ணீருக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் கீழே விழுவது என்பதுதான் அதன் சாரம். அந்த வரியைக் கவனமாகச் செய், பிற்பாடு அதேல் கடலில் மல்லாந்து மிதக்கும்போது அது ஞாபகம் வரவேண்டும்.

பார்த்த மாத்திரத்தில் காதலில் விழுவதைப் பிரெஞ்சில் இடி விழுவது என்பார்கள். வகுப்பில் ஆசிரியர் அதைப் பற்றித்தான் பேசவைக்கிறார். "கண்டதும் காதல்" என்று போட நம் கை தானாகப் போகும். போடாதே. அந்தத் தொடர் நம் சினிமாவில் தேய்ந்துபோனது, படிக்கிறவர் சிரித்துக்கொள்வார். "இடி விழுந்த மாதிரி" என்று எழுது. கொஞ்ச நேரத்தில் அதேல் சாலையைக் கடக்கும்போது நீலமுடிக்காரி எம்மா எதிரே வருவாள், பின்னால் யாரோ தெருவில் ஹாங் வாத்தியம் வாசித்துக்கொண்டிருப்பார், அதேல் நடுச்சாலையில் திகைத்து நிற்பாள். அங்கே பேச்சே கிடையாது. வகுப்பில் நீ வைத்த சொல்தான் அந்த மௌனத்துக்குப் பொருள் கொடுக்கும்.

நீ, நீங்கள். நம் மொழியைப் போலவே பிரெஞ்சிலும் இரண்டு உண்டு, ஆனால் கோடு வேறு இடத்தில் விழுகிறது. இளசுகள் முன்பின் தெரியாதவர்களோடும் "தூ", அதாவது நம் "நீ", போட்டுப் பேசுவார்கள். நம் பதினேழு வயதுப் பிள்ளை, தன்னைவிடப் பெரிய, நுண்கலை படிக்கும் பெண்ணை மதுக்கடையில் முதல்முதலாகப் பார்த்தால் "நீங்க" என்பாள். அப்படிப் போட்டால் படத்தில் இல்லாத ஒரு மரியாதை நுழைந்துவிடும், பிறகு எந்த இடத்தில் "நீ"க்கு இறங்குவது என்ற தலைவலியும் வரும். தொடக்கம் முதல் இருவருக்கும் "நீ". ஆசிரியருக்கு "நீங்க". பெற்றவர்கள் வரும் இடங்களில் மட்டும் ஒலியைக் கேட்டு வரிக்கு வரி முடிவு செய். கடைசிப் பகுதியில் பிரிந்தபிறகு இருவரும் பார்த்துக்கொள்ளும்போது விலகலைக் காட்ட "நீங்க" போடத் தோன்றும், நம் கதைகளில் அது ஒரு பழக்கம். அங்கேயும் "நீ"தான். அந்த நெருக்கமான சொல் மட்டும் மிஞ்சியிருப்பதுதான் வலி.

சாப்பாட்டு மேசைகளுக்கு வந்துவிட்டேன். இங்கே உட்கார்ந்து வேலை செய்.

அதேலின் வீட்டில் ஸ்பகெட்டி. பெரிய பாத்திரம், தக்காளி இறைச்சிக் குழம்பு, இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி. படத்தின் ஆரம்பத்திலேயே அவள் வாயைச் சுற்றி அப்பிக்கொண்டு சாப்பிடுவதையும் கத்தியை நக்குவதையும் கிட்டத்தில் காட்டிவிடுகிறார்கள். இந்த வீட்டில் பேச்சு குறைவு, வாக்கியம் சின்னது. எம்மாவின் வீட்டில் சிப்பி, எலுமிச்சை, வெள்ளை ஒயின். எந்தச் சிப்பி, எந்த ஒயின், எந்த ஓவியம் என்று பேச்சு. சிப்பி வகையறா மட்டும் பிடிக்காது என்று முன்பே சொன்ன பெண் அங்கே உட்கார்ந்து அதை விழுங்கக் கற்றுக்கொள்கிறாள். என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டால் பள்ளி ஆசிரியை என்கிறாள். அவர்கள் முகத்தில் ஒரு நாகரிகமான ஏமாற்றம். யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்வதில்லை. அந்த நாகரிகம் தமிழில் வரவேண்டும். எம்மாவின் வீட்டார் பேச்சை முழு வாக்கியங்களாக, "அப்படியா, நல்லது" என்கிற பட்டு நடையில் எழுது. அதேலின் அப்பாவின் பேச்சைத் துண்டு துண்டாக எழுது: "படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?" என்கிற ரகம். இரண்டையும் ஒரே நடையில் எழுதினால் இரண்டு விருந்துகளும் ஒன்றாகிவிடும். எழுதி முடித்ததும் படத்தை நிறுத்திவிட்டு, யார் வீடு என்று பார்க்காமல் வரிகளை மட்டும் கலைத்துப்போட்டு வாசி. எது எந்த வீடு என்று உன்னால் பிரிக்க முடியவேண்டும். முடியவில்லை என்றால் திரும்ப எழுது.

"சிப்பி" என்றே போடு. கரையோர ஊர்களில் மட்டி, ஆளி என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு, ஆனால் வேகமாக ஓடும் திரையில் எல்லோருக்கும் உடனே பிடிபடுவது சிப்பிதான். ஸ்பகெட்டியை நூடுல்ஸ் ஆக்கிவிடாதே. இடியாப்பம் என்று விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

அதேல் வீட்டு மேசையில் எம்மா, தத்துவப் பாடத்துக்கு உதவி செய்யும் தோழி என்ற பெயரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ஆண் துணை யாராவது உண்டா, அவன் என்ன தொழில் பார்க்கிறான் என்று பேச்சு போகும், எம்மாவும் ஈடுகொடுத்துப் பேசுவாள். இங்கே தமிழின் "அவர்" ஒரு வசதியான மறைவிடம். ஆணா பெண்ணா என்று சொல்லாமலே பேசிவிடலாம், அவளைப் பொய்யிலிருந்து காப்பாற்றியும் விடலாம். காப்பாற்றாதே. பிரெஞ்சில் அது முழுப் பொய். "பையன்", "அவன்" என்றே எழுது. அதேல் தலையைக் குனிந்து சாப்பிடுவது எதற்காக என்று அப்போதுதான் புரியும். இன்னொரு வீட்டில் மறைக்கவேண்டிய அவசியமே இல்லாமல் அவளை மகளின் காதலியாகவே உட்கார வைத்தார்கள் என்பதும் அப்போதுதான் உறைக்கும். (இந்தக் காட்சிக்கு நேரம் குறிக்கும்போது உன்கூட இருக்கும் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள். பிரெஞ்சுக் காது வேண்டும். டிசம்பரில் ரெண்டு பேருமாக வரும்போது, நம் வீட்டு மேசையில் பாடம் சொல்லித்தர வந்தவள் என்றெல்லாம் யாரும் சொல்லவேண்டியதில்லை.)

அதற்கு நேர்மாறாகத் தமிழின் மறைவிடம் உதவும் இடங்களும் உண்டு. அதேல் யாரையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள், யார் என்று சொல்லவில்லை என்ற இடங்களில் பிரெஞ்சு ஆணா பெண்ணா என்று காட்டாமல் போய்விடும். "ஒருத்தி" என்று எழுதினால் நீயே ரகசியத்தை உடைத்துவிடுவாய். "ஒருத்தர்" என்று போடு.

பள்ளி வாசலில் தோழிகள் அவளைச் சூழ்ந்துகொண்டு அவமானப்படுத்தும் காட்சிக்கு அகராதிச் சொல் ஆகாது. தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோரைக் குறிக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியல் கட்டுரைக்கும் அறிமுக உரைக்கும் நல்லது. "தன்பாலீர்ப்பு" என்று எந்தப் பள்ளிப்பிள்ளையும் திட்டமாட்டாள். நம் பள்ளிகளில் "லெஸ்பியன்" என்ற கடன்சொல்லையே வசவாக எறிகிறார்கள். அதையே போடு, முன்னும் பின்னும் அலங்காரம் வேண்டாம். படம் முடிந்து நீ மேடையில் பேசும்போது மட்டும் மரியாதையான சொல். வசவுக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று வேறுபாடு இருப்பதும் கவனத்தில் படும்.

பெஞ்சுக் காட்சியில் எம்மா தத்துவவாதி சார்த்ரைப் பற்றிச் சொல்ல, அதேல் அதைப் பாடகர் பாப் மார்லியோடு சேர்த்துப் பார்க்கிறாள். எம்மாவின் வாக்கியத்தை "இருப்பு சாரத்துக்கு முந்தியது" என்று தத்துவப் பாடநூல் தமிழில் எழுதினால் அதேல் மட்டுமில்லை, அரங்கமே விழிக்கும். "முதல்ல நாம இருக்கோம். எப்படிப்பட்டவங்கன்றது நாம செய்றதுல வருது" என்று இறக்கி எழுது. ஓர் ஓவிய மாணவி மதிய வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்து பேசும் பேச்சு அது.

தோட்ட விருந்துதான் தொழில்நுட்பத்தில் கடினம். எட்டுப் பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசுவார்கள், பின்னால் விரித்த திரையில் லூயிஸ் புரூக்ஸ் நடித்த பழைய மௌனப்படம் ஓடும். எல்லாவற்றையும் எழுத முடியாது. விதி ஒன்றுதான்: அதேல் காதில் விழுவதை எழுது. அவள் ஸ்பகெட்டி சமைத்து ஒவ்வொரு தட்டாகப் பரிமாறிக்கொண்டு நடக்கிறாள். கிளிம்ட், ஷீலே என்ற ஓவியர் பெயர்கள் அவள் தலைக்கு மேல் பறக்கின்றன. நீ அந்த விவாதத்தை முழுதாகப் புரியவைத்துவிட்டால், பார்ப்பவர் அவளைவிட அறிவாளியாகிவிடுவார். பெயர்களும் பாதி வாக்கியங்களும் போதும். ஆனால் "நீ எழுதலாமே" என்று எம்மா அவளைத் தள்ளும் இடத்தையும், பிள்ளைகளோடு இருப்பதே தனக்கு நிறைவு என்று அவள் சொல்லும் இடத்தையும் ஒரு சொல்கூட விடாமல் எழுது. பிரிவு அங்கேதான் தொடங்குகிறது. அந்த்துவான் என்ற சக ஆசிரியரோடு அதேல் பழகும் விஷயமெல்லாம் அதற்குப் பின்னால் வருவது.

காலம் தாவும் இடங்களில் படம் எதுவும் சொல்லாது. எம்மாவின் முடியில் நீலம் போயிருக்கும், அதேல் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். "சில ஆண்டுகளுக்குப் பிறகு" என்று உதவி செய்ய முன்வராதே. ஊர்வலக் காட்சியில் பாடும் பாட்டின் பல்லவிக்கு "விட மாட்டோம்" ஒன்றே போதும், ஒருமுறை போட்டால் போதும். பள்ளியை லிசே என்று விடலாமா என்று கேட்டாய்: புதுச்சேரிக்காரர் இருந்தால் புரியும், மற்றவர்களுக்கு "ஸ்கூல்" என்று போய்விடு.

பேச்சுத் தமிழில் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. வருகிறவர்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசுகிறவர்கள். சென்னைப் பேச்சை அள்ளிக் கொட்டினால் அவர்களுக்கு அது தமிழ்ப் படம் மாதிரி கேட்கும், பிரெஞ்சுப் படம் மாதிரி இருக்காது. "மேட்டர்", "சூப்பர்", "செம" வேண்டாம். இரண்டு ஊருக்கும் பொதுவான எளிய பேச்சே போதும். கத்தரிக்கும்போதும் பார்: "போய்க்கிட்டிருக்கேன்" நீளம், "போறேன்" போதும்.

சண்டைக் காட்சியிலும் கடைசிச் சந்திப்பிலும் நடிகைகள் இருவரும் மூக்கு ஒழுக அழுகிறார்கள். பொங்கிப் பொங்கி எழுதத் தோன்றும். அங்கே வரி குட்டையாக இருக்கவேண்டும், மூன்று சொல்லுக்கு மேல் போகாதே. கண் முகத்தில் இருக்கட்டும்.

படத்தைச் சுற்றி எழுந்த சர்ச்சையையும் நீ அறிமுகத்தில் சொல்லியாகவேண்டும், மறைத்தால் கேள்வி நேரத்தில் யாராவது எழுப்புவார்கள். 2013 மே 26 அன்று கான் விழாவில் தங்கப்பனை விருதை இயக்குநரோடு அதேல் எக்ஸார்க்கோபூலோஸ், லேயா செதூ இருவருக்கும் சேர்த்தே அறிவித்தார்கள். அதுவரை அப்படி நடந்ததில்லை. நடுவர் குழுவுக்கு ஸ்பீல்பெர்க் தலைவர், உறுப்பினர்களில் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்து வித்யா பாலனும் ஒருவர். அதே நாள் பாரிஸில் தன்பால் திருமணச் சட்டத்தை எதிர்த்துப் பெரிய ஊர்வலம். சட்டம் கையெழுத்தாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. பிறகு கசப்பு: தொழில்நுட்பக் கலைஞர்களின் சங்கம் படப்பிடிப்பு வேலைநேரத்தைக் குறைகூறியது, நடிகைகள் இருவரும் இந்த இயக்குநரோடு இனி வேலை செய்யமாட்டோம் என்றார்கள், மூல நாவலை வரைந்த மரோ கட்டில் காட்சிகள் தனக்குச் செயற்கையாகத் தெரிவதாக எழுதினார். எனக்கும் அவர் கட்சிதான். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவள் மூச்சுக்குள் போய் நிற்கும் கேமரா, அந்தக் காட்சியில் மட்டும் ஒதுங்கி நின்று அருங்காட்சியகச் சிலையைப் பார்ப்பது போல் பார்க்கிறது. அதற்குமேல் அதைப் பற்றி நீ விளக்கவேண்டாம்.

பிரான்சில் இதற்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்று சான்றிதழ். உன் கூட்டத்துக்கு அது போதாது. குடும்பமாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். நீளமான உடலுறவுக் காட்சிகள் உண்டு, பிள்ளைகளை அழைத்துவரவேண்டாம் என்று அழைப்பிலேயே தெளிவாக எழுது. நடுவில் வேகமாக ஓட்டுவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. கட்டணம் வாங்காவிட்டாலும் பொதுவில் திரையிட விநியோகஸ்தரிடம் உரிமை எழுதி வாங்கவேண்டும், சப்டைட்டிலைப் பதிக்கவும் சேர்த்தே கேள்.

இடைவேளை ஒன்று விடு. கடிகாரத்தைப் பார்த்து விடாதே. இரண்டு வீட்டு விருந்தும் முடிந்து, அதேல் படிப்பை முடித்துவிட்டாள் என்று தெரியும் முதல் காட்சிக்கு முன்னால் நிறுத்து. இரண்டு அத்தியாயம் என்று தலைப்பு சொன்னாலும் நடுவே எந்த அட்டையும் வராது. மடிப்பு இருக்கும் இடம் அதுதான். கடைசியில் நீலச் சட்டையில் அவள் கண்காட்சியை விட்டு வெளியே வந்து தெருவில் நடந்து போவாள், தோட்ட விருந்தில் அவளோடு பேசிய சமீர் அவளைத் தேடி வேறு பக்கம் ஓடுவான். பேச்சு இல்லை. "தமிழில்: இன்னார்" என்று உன் பெயரை அந்த நடையின் மேல் போட்டுவிடாதே. பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியபிறகு போடு.

முதலில் இரண்டு விருந்துக் காட்சிகளையும் மட்டும் செய்து எஸ்.ஆர்.டி. என்ற சப்டைட்டில் கோப்பாக அனுப்பு. வேர்டில் ஒட்டி அனுப்பினால் நேரக்குறிப்பு உடைந்துபோகும். கோப்பின் பெயரில் 24 சட்டமா 25 சட்டமா என்று எழுதி வை.

அன்புடன்,
அம்மா